குரலுக்குப் பொத்தான் இல்லை

விடிந்ததும் பாயைச் சுருட்டித் தூணோரம் வைப்பேன். தேங்காய் உடைத்துப் பன்றிகளுக்குப் போடுவேன். சமையல் கொட்டகையில் நெருப்பு மூட்டிக் கோக்கோவுக்குத் தண்ணீர் வைப்பேன். தண்ணீர் கொதிப்பதற்குள் தெபோராவின் டேப்லெட்டைச் சார்ஜரிலிருந்து கழற்றி, திரையை இடுப்புத் துணியின் முனையால் துடைத்து, அதன் மேல் துளைத்தட்டை மாட்டுவேன். தட்டு நான் செய்தது. காய் நறுக்கும் பிளாஸ்டிக் பலகையில் ஒவ்வொரு படத்துக்கும் நேராக ஒரு துளை அறுத்திருக்கிறேன். தெபோராவின் கை ஓரிடத்தில் நிற்காது. துளை இருந்தால் விரல்முட்டி அதற்குள் விழுந்து நின்றுகொள்ளும்.

பிறகு திரையில் பேசும் பொத்தான்களைச் சோதிப்பேன். தண்ணி. வேணும். வேணாம். முதுகு அரிக்குது. கடலுக்குப் போகணும். எல்லாம் என் மனைவி வையோலாவின் குரல். கடைசி வரிசையில் 'சாப்பிட்டியா' என்று ஒரு பொத்தான் உண்டு. அதை இரண்டு தடவை அழுத்துவேன்.

"அத மட்டும் ஏன் சகலை ரெண்டு தடவ?" என்று செமிசி ஒருநாள் கேட்டான்.

"சில நேரம் ஒட்டிக்குது."

"கண்ணாடில என்ன ஒட்டும்?"

"தூசி."

அவன் கோக்கோவைக் குடித்து முடித்தான். வேறு எதுவும் கேட்காமல் பஸ்ஸை எடுக்கப் போய்விட்டான்.

செமிசியும் நானும் இந்த வீட்டில் பெண் கட்டி இங்கேயே தங்கியவர்கள். அவன் மூத்தவள் மசீனாவை. நான் இளையவள் வையோலாவை. சவாயீ தீவில் வீட்டோடு மாப்பிள்ளைக்கு விதித்த இடம் சமையல் கொட்டகை. ஞாயிறு விடியுமுன் உணவு வேக வைக்கும் கல்லை நெருப்பில் காய வைப்பதும், சேம்பங்கிழங்கு தோல் சீவுவதும், புகையில் கண்ணைக் கசக்குவதும் எங்கள் பாடு. எல்லோரும் சாப்பிட்ட பிறகு சாப்பிடுவதும் நாங்கள்தான். வையோலா காய்ச்சலில் போய் ஒரு மழைக்காலம் முடிந்து அடுத்தது வந்துகொண்டிருந்தது. நான் என் ஊருக்குத் திரும்பியிருக்கலாம். யாரும் போகச் சொல்லவில்லை. பன்றிகளுக்கு யாராவது தேங்காய் உடைக்க வேண்டும்.

வையோலா துறைமுகத்துப் பக்கம் இருக்கும் சிறப்புப் பள்ளியில் ஆசிரியை. நான் பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படித்தவன். அதே பள்ளியில் சக்கர நாற்காலிக்கு டயர் மாற்றுவது, காதுக் கருவிக்கு பேட்டரி போடுவது, பிள்ளைகள் தலையால் அழுத்தும் பொத்தான்களுக்கு ஒயர் சாலிடர் செய்வது என் வேலை. செமிசியின் மகள் தெபோரா அங்கேதான் படிக்கிறாள். பன்னிரண்டு வயது. பிறந்ததிலிருந்தே உடம்பும் நாக்கும் அவள் சொல் கேட்பதில்லை. மற்றதெல்லாம் கேட்கும். குறிப்பாக அவள் அப்பா.

டேப்லெட்டில் ஆங்கிலத்துக்கு இயந்திரக் குரல் இருந்தது. எங்கள் மொழிக்கு இல்லை. வையோலா ஒரு விடுமுறை முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகப் பேசிப் பதிந்தாள். அவள் நல்ல குடும்பத்துப் பெண். மரியாதை விடாதவள். 'சாப்பிட' என்ற இடத்தில் ஊர்த் தலைவர்களிடம் பேசும் உயர்ந்த சொல்லைப் பதிந்துவிட்டாள். அந்தச் சொல்லைத் தன்னைப் பற்றிச் சொல்லவே கூடாது. தெபோரா பசியெடுத்தால் நாளுக்கு நாலு தடவை, "நான் திருவமுது செய்யணும்," என்பாள்.

"அரசியாரே, எழுந்தருளுங்க," என்பான் செமிசி.

"பெரிய பன்னி," என்று அடுத்த பொத்தானை அழுத்துவாள் தெபோரா. அது பள்ளிக்குப் போகும் வழியில் படுத்துக்கிடக்கும் பன்றிக்காகப் பதிந்தது. வீட்டில் அது அப்பாவின் பெயர்.

மசீனா அக்காவுக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் என்ன சொன்னாலும் அதைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, சர்ச்சுக்குப் போகும் சட்டை மாட்டித்தான் வெளியே அனுப்புவாள். வையோலா கடைசியாகச் சங்கீதம் சொன்னாள் என்று துக்கத்துக்கு வந்தவர்களிடம் சொன்னாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது படகுத்துறையில் ஸ்ட்ரெச்சரின் தலைமாட்டில் நின்றவன் நான். டேப்லெட்டைச் சார்ஜில் போட்டாயா என்றுதான் வையோலா கேட்டாள். அக்காவை நான் திருத்தவில்லை.

அக்டோபர் வந்தது. வெள்ளை ஞாயிறு வந்தால் ஊரில் வேறு பேச்சு இருக்காது. அன்று பிள்ளைகளின் நாள். வெள்ளை உடுத்தி, சர்ச்சில் ஒவ்வொரு பிள்ளையும் முன்னால் வந்து தன் பாடத்தைச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு பிள்ளைகள் முதலில் சாப்பிட, பெரியவர்கள் பரிமாறி விசிறுவார்கள். அன்று பிள்ளையைத் திட்டக் கூடாது. மறுநாள் திட்டலாம்.

தெபோரா இதுவரை பாடம் சொன்னதில்லை. பக்கத்து வீட்டு லோசா அவளுக்குத் தங்கை முறை. சில மாதம்தான் இளையவள். லோசா தன் பாடத்தைச் சொல்லி முடித்துவிட்டு, தெபோராவின் நாற்காலிக்குப் பின்னால் நின்று அவளுடையதையும் சொல்வாள். எல்லோரும் கைதட்டுவார்கள். தெபோரா கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இந்த வருடம் போதகரின் மனைவி வீட்டுக்கே வந்தார். ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பாடம் எழுதுபவர் அவர்தான். பாயில் உட்கார்ந்து, விசிறியால் முட்டியைத் தட்டிக்கொண்டே டேப்லெட்டைப் பார்த்தார்.

"இது எல்லாம் பேசுமாமே."

"பதிஞ்சது பேசும் அம்மா," என்றேன்.

"அப்ப இந்தப் பிள்ளையே சொல்லட்டும். அதுக்கு எதுக்கு இன்னொருத்தி வாய்? லோசா வாய்க்கு ஏற்கெனவே வேல ஜாஸ்தி."

மசீனா கோக்கோக் குவளையை அவர் முன் வைத்தாள். "இவளே சொல்லலாமா அம்மா? சர்ச்சில? மெஷின் வச்சு?"

"மைக் மெஷின் இல்லயா? ஆர்கன் மெஷின் இல்லயா? உன் புருஷன் குறட்டை விட்டா அது கூட மெஷின் மாதிரிதான் இருக்கு. ஆண்டவர் எல்லாத்தையும் கேட்டுட்டுதான் இருக்கார்." அவர் என் பக்கம் திரும்பினார். "எந்தெந்த வார்த்த இருக்குன்னு சொல்லு. அத வச்சே எழுதித் தரேன்."

ஒவ்வொன்றாக அழுத்திக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வையோலா அவருடைய பெண்கள் சங்கத்தில் பாடியவள். கடைசிப் பக்கம் முடிந்ததும் மூக்கைச் சிந்திக்கொண்டு அங்கேயே எழுதினார்:

பெரிய கடல், சின்னப் படகு.
காத்து வந்தா கை வலிக்குது.
என்னப் பிடிச்சுக்கோ.
பயம் இல்ல.

தெபோரா அதைக் கேட்டுத் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, வாயைத் திறந்து, தொண்டையிலிருந்து ஒரு சத்தம் போட்டாள். அது அவளுடைய சிரிப்பு. நாய்கள் எழுந்து பார்க்கும்.

அந்த வாரம் முழுக்க நான் வையோலாவை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். பள்ளிக் கணினியில் செய்தேன். 'கடல்' கடலுக்குப் போகணும் என்பதிலிருந்து வந்தது. 'பெரிய' பன்றியிடமிருந்து. 'படகு' தலைநகரம் அபியாவுக்குப் போகும் படகிலிருந்து. 'என்னப் பிடிச்சுக்கோ' நாற்காலி சாயும்போது சொல்வது. முடித்து, வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு பொத்தானில் போட்டேன். எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள். லோசாவும் வந்திருந்தாள். வாழைச்சீப்பு ஒன்றை மடியில் வைத்துத் தின்றுகொண்டிருந்தாள்.

பொத்தானை அழுத்தினேன்.

'பெரிய' என்பதில் சிரிப்பு இருந்தது. வையோலா அந்தப் பன்றியை நினைத்துச் சிரித்துக்கொண்டே பதிந்தாள். 'கடல்' ஆசையாக வந்தது. 'கை வலிக்குது' உண்மையாகவே வலித்தது. 'என்னப் பிடிச்சுக்கோ' கூச்சல். 'பயம்' நடுங்கியது. 'இல்ல' மட்டும் கடைக்காரனிடம் பேரம் முடித்த மாதிரி நின்றது.

லோசா வாழைப்பழத்தைக் கடிப்பதை நிறுத்தினாள்.

"சகலை," என்றான் செமிசி, "ஆரம்பிக்கும்போது பிக்னிக் மாதிரி இருக்கு. முடியும்போது ஆஸ்பத்திரி."

லோசா வாழைப்பழத்தோடு உருண்டாள். மசீனா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "இருக்கட்டும்டா. அவ குரல் சர்ச்சில மறுபடி கேக்கும்ல. அது போதும். தம்பிக்கும் ஆறுதலா இருக்கும்."

தம்பி நான்தான்.

தெபோரா சிரிக்கவில்லை. கையைத் தூக்கி, வீசி, துளைக்குள் முட்டியை இறக்கினாள்.

"லோசா," என்றது வையோலாவின் குரல். "வா."

"வந்துதான் இருக்கேன்," என்றாள் லோசா.

"லோசா. வா. வேணும்."

"என்ன, வாழைப்பழமா?"

"வேணாம். லோசா."

மசீனாவின் முகம் சுருங்கியது. "பாத்தியா. பயந்துட்டா. பழையபடி லோசாவே சொல்லணுமாம்." மகளின் முன்னால் மண்டியிட்டாள். "கண்ணு, நீயே சொல்லலாம்டா. ஒரே ஒரு பொத்தான். அழுத்தினா போதும்."

"வேணாம்."

"லோசா வேணாம்டா. நீ."

தெபோரா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பேச்சு முடிந்தது என்று பொருள்.

அடுத்த நாட்களிலும் அதேதான். பஸ்ஸில் ஏற்றும்போது 'லோசா'. குளிப்பாட்டும்போது 'லோசா வா'. ஒத்திகைக்குப் பாடத்தின் பொத்தானைக் காட்டினால் 'முடிஞ்சது'. மசீனாவுக்குத் தூக்கம் போயிற்று. ஊரில் சொல்லியாகிவிட்டது. ஆக்லாந்திலிருக்கும் அண்ணனுக்குச் சொல்லியாகிவிட்டது. அவர் வெள்ளைக் கவுனும் பூ வைத்த ஷூவும் அனுப்பியிருந்தார்.

"ஒரு தடவ அவளா சொல்லிட்டான்னா போதும் எலியா," என்றாள் என்னிடம், சேம்பிலை கழுவிக்கொண்டே. "பன்னண்டு வருஷமா எல்லாரும் என் பிள்ளைக்குப் பதிலா பேசிட்டாங்க. நானும் சேத்துதான்."

நான் பாடத்தில் 'கை வலிக்குது' என்பதை மெல்ல ஒலிக்கும்படி குறைத்தேன். அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியவில்லை.

வெள்ளை ஞாயிறு அன்று காற்று நின்றுபோயிருந்தது. இருட்டிலேயே செமிசியும் நானும் கல் அடுக்கி நெருப்பு வைத்தோம். கல் வெளுத்ததும் தணலை வாரிவிட்டு, கிழங்கும் ஈரப்பலாவும் பன்றி இறைச்சியும் வைத்தோம். தேங்காய்ப்பாலைச் சேம்பிலையில் பொட்டலம் கட்டிய பாலுசாமி என்ற பண்டத்தை ஓரத்தில் அடுக்கினோம். கோழியை அவன் தனியாக இலையில் சுற்றினான்.

"ரெண்டு காலும் தெபோராவுக்கு," என்றான். "பாடம் சொன்னா தரேன்னு நேத்தே சொல்லிட்டேன்."

"சொல்லலேன்னா?"

"சொல்லுவா. கோழிக்காலுக்காக அவ பாவமன்னிப்பே கேப்பா."

மேலே வாழையிலை போட்டு மூடினோம். புகை அவன் பக்கமே போயிற்று. இருமிக்கொண்டே சிரித்தான்.

சர்ச்சில் இடமில்லை. எல்லாம் வெள்ளை. விசிறிகள் ஆடிக்கொண்டிருந்தன. நான் பலிபீடத்துப் படியில் ஒரு ஸ்பீக்கரை வைத்து டேப்லெட்டோடு இணைத்துவிட்டு ஓரமாக நின்றேன். சின்னப் பிள்ளைகள் முதலில். ஒருவன் பாதியில் மறந்து, தன் அப்பாவைப் பார்த்து, அவரும் மறந்துவிட்டதைப் பார்த்து அழுதான். லோசா தன் பாடத்தை மூச்சு விடாமல் சொல்லி, யாரும் கேட்காமலே அடுத்த பிள்ளையின் முதல் வரியையும் எடுத்துக்கொடுத்துவிட்டுப் போனாள்.

தெபோராவை மசீனா தள்ளிக்கொண்டு வந்தாள். விசிறிகள் நின்றன. போதகரின் மனைவி தலையசைத்தார். தெபோரா கையைத் தூக்கினாள். கை வலப்பக்கம் போயிற்று, இடப்பக்கம் போயிற்று. முட்டி ஒரு துளையில் விழுந்தது.

"வேணாம்."

ஸ்பீக்கர் பெரியது. வையோலா சர்ச் முழுக்க வேண்டாம் என்றாள். பெண்கள் பக்கத்தில் யாரோ விம்மினார்கள்.

மசீனா குனிந்து பாடத்தின் பொத்தானைக் காட்டினாள். தெபோரா அம்மாவைப் பார்த்தாள். பிறகு தூணோரம் நின்ற என்னைப் பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள்.

"முடிஞ்சது," என்றாள்.

முன் வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த ஊர்த்தலைவர் விழித்து, "ஆமென்," என்றார். எல்லோரும் ஆமென் என்றார்கள். மசீனா நாற்காலியைத் திருப்பிக்கொண்டு போனாள். நான் ஸ்பீக்கரின் ஒயரைச் சுருட்டினேன்.

வீட்டில் பாய் விரித்து வாழையிலை போட்டிருந்தது. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்தார்கள். தெபோராவின் நாற்காலி தலைப்பக்கம். செமிசி விசிறியோடு ஈ ஓட்டினான். மசீனா பரிமாறினாள். தட்டுகள் சத்தமாக விழுந்தன.

"இன்னைக்குத் திட்டக் கூடாது," என்று அவள் கிழங்கிடம் சொன்னாள். "நாளைக்கு இருக்கு."

"விடு," என்றான் செமிசி. "உன் மக சர்ச்சில ரெண்டு வார்த்த பேசினா. நம்ம கல்யாணத்தில நீ அத விடக் கம்மியாதான் பேசின."

"சரின்னு ஒரே வார்த்த. அதுக்கே இவ்ளோ நாள் அனுபவிக்கிறேன்."

செமிசி கோழிக்காலைப் பிய்த்து, நார் நாராக்கி, தேங்காய்ப்பாலில் ஊறவைத்து, தெபோராவின் உதட்டருகே கொண்டுபோனான். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"சொல்லலேன்னாலும் உனக்குத்தான்டா. சும்மா சொன்னேன்."

வாய் திறக்கவில்லை. அவன் இரண்டு காலையும் இலையில் மடித்து எடுத்து வைத்தான். அவன் முகத்தில் அதன் பிறகு வேடிக்கை இல்லை.

"தண்ணி," என்றாள் தெபோரா.

"தண்ணீ," என்றாள் லோசா, வாய் நிறைய இறைச்சியோடு. தெபோரா சொல்வதையெல்லாம் திருப்பிச் சொல்வது அவள் வழக்கம். சொல்வதைக் கீச்சுக் குரலில் இழுத்துச் சொல்வாள்.

தெபோரா நிமிர்ந்தாள். "தண்ணி," என்று மறுபடி அழுத்தினாள்.

"தண்ணீ. குடுக்கச் சொல்றா, யாருக்கும் காது இல்லயா?"

நான் குவளையைக் கொண்டுபோனேன். தெபோரா குடிக்கவில்லை. கையை வீசினாள். குவளை கவிழ்ந்தது. இன்னொரு முறை வீசினாள். அது பக்கத்தில் உட்கார்ந்திருந்த லோசாவின் கழுத்தில் போய் நின்றது. விரல்முட்டியால் அவள் தொண்டையை அழுத்தினாள்.

"ஏய், கழுத்த நெரிக்கிறா."

"பேசு," என்றேன்.

"என்ன பேச?"

"எதையாவது. நீ பேசறதுக்கு யோசிப்பியா?"

லோசா பேசினாள். என்ன பேசினாள் என்று நினைவில்லை. அவள் தொண்டை அதிர்ந்துகொண்டிருந்தது. தெபோரா கையை அங்கிருந்து எடுத்தாள். அது எங்கெங்கோ போய்க் கடைசியில் டேப்லெட்டின் மேல் விழுந்தது. பிறகு மெல்ல, நடுங்கி நடுங்கி, அவள் அதைத் தன் வெள்ளைக் கவுனின் மார்பில் வைத்தாள்.

என்னைப் பார்த்தாள். சர்ச்சில் பார்த்த அதே பார்வை.

டேப்லெட்டில் உணவுக்குப் பொத்தான் உண்டு. பன்றிக்கும் படகுக்கும் வலிக்கும் உண்டு. குரல் என்ற சொல்லுக்குப் பொத்தான் இல்லை. வையோலா அதைப் பதியவில்லை. நானும் நினைக்கவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்க அவளிடம் சொல் இல்லாததால் இத்தனை நாள் லோசா லோசா என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அக்கா," என்றேன். "லோசா பாடம் சொல்ல வேணாம். லோசா குரல் இவளுக்கு வேணும். இதுக்குள்ள."

மசீனாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"சித்தி குரல் பிடிக்கலயா உனக்கு?"

"அவளுக்குப் பன்னண்டு வயசு," என்றேன். "அவ முப்பது வயசுப் பொம்பளயா பேசிட்டு இருக்கா."

தெபோரா நாய்கள் எழும்படி ஒரு சத்தம் போட்டாள்.

"அப்ப வையோலா?" என்று மசீனா என்னைத்தான் கேட்டாள். செமிசி விசிறுவதை நிறுத்தினான்.

"நகல் எடுத்துடலாம்," என்றேன்.

எடுத்தேன். என் போனுக்கு ஏறி முடிய ஒரு கோக்கோ குடிக்கும் நேரம் ஆயிற்று. தண்ணி, வேணும், வேணாம், சாப்பிட்டியா, எல்லாம் உள்ளே போயின. நான் கோக்கோ குடிக்கவில்லை.

பிற்பகல் ஆராதனைக்கு நேரம் இருந்தது. ஆனால் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் கல் கொட்டின மாதிரி. எங்கள் வீட்டுக்குச் சுவர் கிடையாது. பதிந்து பார்த்தால் லோசா அருவிக்குள் நின்று பேசுவது போல் இருந்தது. நடுவில் ஒரு சேவல் வேறு.

"பஸ்ல?" என்றான் செமிசி.

"அதுலயும் தகரம்."

"பாய்," என்றாள் மசீனா.

விருந்தாளிகளுக்கான நல்ல பாய்களை இறக்கினாள். கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் வெளியே வருபவை. தெபோராவின் நாற்காலியைச் சுற்றிக் கம்பு நட்டு, மேலே ஒன்றன்மேல் ஒன்றாகப் பாய் போட்டாள். உள்ளே தெபோரா, லோசா, போனைப் பிடித்துக்கொண்டு நான். இருட்டு. கோழி வாசம். லோசாவின் வியர்வை என் முழங்கையில் சொட்டியது.

"வெந்துடுவேன் சித்தப்பா. கல் மட்டும்தான் பாக்கி."

"சொல்லு."

"பெரிய கடல், சின்னப் படகு, காத்து வந்தா..."

"வேணாம்," என்றது வையோலாவின் குரல் இருட்டில். "மெதுவா."

லோசா மெதுவாகச் சொன்னாள்.

"மறுபடி."

மறுபடி சொன்னாள்.

"வேணாம். மறுபடி."

"டீச்சர் கூட இப்டிப் படுத்த மாட்டாங்க," என்றாள் லோசா. "சித்தியே வந்து உக்காந்த மாதிரி இருக்கு." சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பரவால்ல," என்றேன். "மறுபடி சொல்லு."

பாடம் முடிந்தது. தெபோரா விடவில்லை. முதல் பக்கத்தை முட்டியால் இடித்தாள். நான், நீ, எனக்கு, உனக்கு, சித்தி, எங்க, வேணும். ஒவ்வொன்றாக லோசா சொல்ல, ஒவ்வொன்றாக நான் மாற்றினேன். 'வேணாம்' கடைசியாகப் போயிற்று. அதுவரை அது தேவைப்பட்டது.

பாய்க்கு வெளியிலிருந்து செமிசி, "கோழிக்கால்னு ஒண்ணு போடு சகலை. இந்த வீட்ல அந்த வார்த்த இல்லாம எப்டி இவ்ளோ நாள் ஓட்டினோம்?" என்றான்.

போட்டேன்.

பிற்பகல் ஆராதனைக்கு மழையிலேயே போனோம். நாற்காலிக்கு மேல் செமிசி பஸ்ஸின் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு வந்தான். பிள்ளைகள் நாடகம் முடிந்து போதகர் ஜெபத்துக்கு எழுந்தபோது மசீனா யாரையும் கேட்காமல் நாற்காலியை நடுப்பாதையில் தள்ளிக்கொண்டு போனாள். போதகர் தன் மனைவியைப் பார்த்தார். அவர் விசிறியால் உட்காரச் சொன்னார். போதகர் உட்கார்ந்தார்.

கை உயர்ந்தது. அலைந்தது. இந்த முறை சரியான துளைக்கு மேலே நின்று, கொஞ்சம் காத்திருந்து, அதன் பிறகு இறங்கியது.

பெரிய கடல், சின்னப் படகு.
காத்து வந்தா கை வலிக்குது.
என்னப் பிடிச்சுக்கோ.
பயம் இல்ல.

ஒரு சின்னப் பெண்ணின் குரல். கொஞ்சம் கீச்சு. கொஞ்சம் மூச்சு வாங்கியது. பின்னால் எங்கோ தூரத்தில் மழை. தெபோரா வாயைத் திறந்து அந்தச் சொற்களோடு கூடவே உதட்டை அசைத்தாள். பலகையும் வாயும் ஒன்றாகப் போயின.

லோசா தன் பெஞ்சில் வாயை மூடிக்கொண்டு இருந்தாள். பக்கத்துப் பிள்ளை, "உன் குரல்தான?" என்று இடித்தது.

"இல்ல," என்றாள் லோசா. "அவதான் பேசறா."

முன் வரிசைத் தலைவர் இந்த முறை தூங்கவில்லை. கோலைத் தரையில் தட்டி, "மறுபடி," என்றார். தெபோரா மறுபடி சொன்னாள். மூன்றாவது முறையும் சொல்லியிருப்பாள். போதகர் எழுந்துவிட்டார்.

மசீனா பெண்கள் நடுவில் அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள். செமிசி ஆண்கள் நடுவில், "என் பொண்ணு, என் பொண்ணு," என்று, தெரியாதவர்கள் யாரும் இல்லாத ஊரில் அறிமுகம் செய்துகொண்டிருந்தான். நான் படியில் குனிந்து ஸ்பீக்கரைக் கழற்றினேன். மசீனா மகளைத் தள்ளிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். தெபோரா என்னைப் பார்த்துவிட்டுத் துளைகளின் மேல் கையைக் கொண்டுபோனாள். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தாள். நேரம் பிடித்தது. நான் ஒயரைப் பாதி சுருட்டியபடி காத்திருந்தேன்.

அவள் அன்று சர்ச்சில் கடைசியாகச் சொன்னதை மசீனா அக்கா இப்போதும் ஊரெல்லாம் சொல்லி வருகிறாள். ஆண்டவரே உமக்கு நன்றி, என் குடும்பத்தை ஆசீர்வதியும் என்று சொன்னாளாம். ஆக்லாந்து வரை அப்படித்தான் போயிருக்கிறது. நானும் அங்கேதான் நின்றேன். அவள் சொன்னது இதுதான்:

"சித்தி உனக்கு. நான் எனக்கு. கோழிக்கால் எங்க?"